பெயர் போடாத சாஸ்திரியார்

பொருள் மாறாமல் வாக்கியத்தை மாற்றி எழுதுக என்று இங்கிலீஷ் பரீட்சையில் கேட்டாலே, பட்டாசு ஊர்ப் பிள்ளையான எனக்குத் திரி பத்த வச்ச மாதிரி படபடப்புதான். அதில் கைதேர்ந்த ஒரு தமிழரைச் சொல்கிறேன்.

1869-இல் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர் சீனிவாச சாஸ்திரி. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர். பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் குஜராத்தியில் காந்தி எழுதிய சுயசரிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பை, 1940-இல் வந்த பதிப்புக்காக அவர்தான் திருத்தித் தந்தார். தன் பெயரைப் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். 1946-இல் மறைந்தார்.

தான் ஒப்பாத கருத்தையும் சிதைக்காமல் வாக்கியத்தை மட்டும் மாத்தணும்னா, இலக்கணத்தோட நேர்மையும் வேணும்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு?