ஆடற்கலையரசி தஞ்சாவூர் பாலசரஸ்வதி

ஆண்டுவிழா நெருங்கினால் எமது பாடசாலை மண்டபம் சலங்கை ஒலியால் நிறைந்துவிடும். ஜேர்மனியிற் பிறந்த எம் சிறார்கள் அரைமண்டியில் நின்று அலாரிப்பு ஆடுகையில் பெற்றோரின் முகங்களிற் பெருமிதம் பொங்குவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். இதே சலங்கையைத் தம் மகளின் காலிற் கட்டுவதற்கு ஒரு தாய் ஊராரின் ஏளனத்தை எதிர்த்து நிற்க வேண்டியிருந்த காலமும் ஒன்றுண்டு. அந்த மகளே பாலசரஸ்வதி அம்மையார்.

அவர் 1918 மே 13 அன்று சென்னையிற் பிறந்தார். தஞ்சை அரசவையில் விளங்கிய பாப்பம்மாளின் வழிவந்த குடும்பம் அது. பாட்டியார், இசையுலகம் போற்றிய வீணை தனம்மாள். தாயார் ஜெயம்மாள் தேர்ந்த பாடகி. அக்காலத்திற் சதிர் எனப்பட்ட இவ்வாடல், கோயிலையும் அரசவையையும் சார்ந்து வாழ்ந்த பெண்களாலேயே தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்தது. அப்பெண்களைச் சமூகம் இழிவாக நோக்கத் தொடங்கியபோது அவர்தம் கலையும் இழிவுக்குள்ளாயிற்று. ஆடல் வேண்டாம், பாட்டுப் போதும் என்போர் பலராக இருந்தும், ஜெயம்மாள் துணிந்து மகளைக் கந்தப்ப பிள்ளையிடம் ஒப்படைத்தார். அலாரிப்பு முதல் தில்லானா வரை எம் பிள்ளைகள் இன்று பயிலும் வரிசையை ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வரின் வழித்தோன்றல் அவர். கண்டிப்புக்குப் பெயர் போனவர். 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்து அம்மன் கோயிலில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பதங்களுக்கு அபிநயமும் பயின்றார்.

1930களில் சதிர் பரதநாட்டியம் என்னும் பெயருடன் புதிய மேடைகளில் ஏறியது. ருக்மிணி தேவி போன்றோர் பதங்களிலுள்ள சிருங்காரச் சுவையைக் குறைத்து, பக்தியை முன்னிறுத்தினர். பாலசரஸ்வதியோ சிருங்காரமே இக்கலையின் உயிர் என்றும், அதிற் களையவேண்டிய அழுக்கு எதுவுமில்லை என்றும் இறுதிவரை உறுதியாக நின்றார். இருவரும் பெரியோர், எனினும் இவ்விடயத்தில் எம் மனம் பாலசரஸ்வதியின் பக்கமே சாய்கின்றது. 1947இல் சென்னை மாகாணத்திற் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. சிறுமியரைக் காக்க அச்சட்டம் வேண்டியதே. ஆயினும் கலையைக் காத்த குடும்பங்களுக்கு உரிய மதிப்பை அது மீட்டுத் தரவில்லை. அக்காலத்தில் அம்மையாருக்கு மேடைகளும் அருகின; உடல்நலமும் குன்றியது. 1953இல் சென்னை மியூசிக் அகாதமியில் நடனப் பள்ளி தொடங்கி, அவர் கற்பிக்கலானார்.

ஆடும்போது தாமே பாடியவர் அவர். ஒரே அடிக்குக் கணந்தோறும் புதிய பாவம் கண்டு, கையும் கண்ணும் குரலும் ஒன்றாக இயங்க ஆடுவார். சொல்லின் பொருளறியாதவரால் அது இயலுமோ? நடன வகுப்புக்குத் தவறாது வந்து, தமிழ் வகுப்பன்று மட்டும் தலைவலி வந்துவிடும் மாணவச் செல்வங்கள் எம்மிடையேயும் உளர்; அவர்கள் இவ்விடத்தை மறுமுறையும் வாசிப்பார்களாக. 1959இல் வே. ராகவனுடன் இணைந்து பரதநாட்டியம் பற்றித் தமிழிலேயே நூலும் எழுதினார்.

1961இல் தோக்கியோ, 1962இல் அமெரிக்கா, 1963இல் எடின்பரோ விழா எனக் கடல் கடந்தும் ஆடினார். தம்பியர் இரங்கநாதன் மிருதங்கத்தையும் விசுவநாதன் புல்லாங்குழலையும் அமெரிக்காவிற் கற்பித்தனர். 1973இல் இசைக் கலைஞர்க்கே உரியதாக இருந்துவரும் சங்கீத கலாநிதி விருது இவ்வாடற் கலைஞரை வந்தடைந்தது. 1975இற் சென்னைத் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய உரையிற் கச்சேரி முழுவதையும் ஒரு கோயிலாகக் காட்டினார்: அலாரிப்பு கோபுரம், சதிசுரமும் சப்தமும் மண்டபங்கள், வர்ணம் இறைவனின் திருச்சந்நிதி வளாகம், பதம் கருவறையினுள் நிலவும் அமைதி, தில்லானா மணியொலியுடன் காட்டும் கற்பூர ஒளி. கோயிலில் ஆடும் உரிமையைத் தம் குலத்தார் இழந்தபின் அவர் கண்ட கோயில் இது.

1984 பெப்ரவரி 9 அன்று சென்னையிற் காலமானார். சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' என்னும் அரைமணி நேரப் படத்தில் அவருடைய ஆடலை இன்றும் காணலாம். ஐம்பது வயதைக் கடந்து, உடல் பருத்து, கூந்தல் நரைத்த நிலையில் அவர் ஆடுகின்றார். காலில் இருப்பது ஏழு வயதில் அரங்கேறிய அன்று கட்டிய அதே சலங்கை.