ஹிரோஷிமாவின் கவிஞர் தோகே சான்கிச்சி

ஜப்பானில் ஒசாக்காவை அடுத்த தொயோனாக்காவில் 1917இல் பிறந்து, ஹிரோஷிமாவில் வளர்ந்தவர் தோகே சான்கிச்சி. இளமை முதலே நுரையீரல் நோயாளி. மென்மையான தன்னுணர்ச்சிப் பாக்கள் புனைந்தவர்.

1945 ஆகஸ்டு 6 அன்று, குண்டு வெடித்த இடத்திற்கு 3 கி.மீ. தொலைவில் இருந்து உயிர் தப்பினார். தெரிந்தவரைத் தேடிப் படைத்துறை உடைக் கிடங்கினுள் நுழைந்தவர், போர்ப் பணிக்கு அழைக்கப்பட்டிருந்த பள்ளிச் சிறுமியர் வெந்த உடலோடு தரையில் கிடக்கக் கண்டார். நாள்தோறும் அவர்தம் தொகை குறைந்தது. பிழைத்துப் போனதால் அன்று. அதனையே பின்னர் நாள்வாரியாக, கிடங்கு வெறுமையாகும் எட்டாம் நாள் வரை, பாட்டாக்கினார். அவ்வாண்டு முடிவதற்குள் நகரில் மாண்டோர் ஏறத்தாழ 1,40,000. எண் திகைப்பூட்டுவதோடு சரி. கிடங்குப் பாட்டோ உறங்கவிடாது.

1950இல் கொரியப் போரிலும் அணுகுண்டைப் பயன்படுத்துவது ஆராயப்படுகிறது என அமெரிக்க அதிபர் ட்ரூமன் அறிவித்ததும், தோகே நோயுடலோடு எழுத முனைந்தார். அயற்படையின் ஆட்சியும் தணிக்கை அச்சமும் நிலவிய காலம் அது. 1951இல் ‘அணுகுண்டுக் கவிதைகள்’ சைக்ளோஸ்டைலில் 500 படிகளாக வெளிவந்தது. கையெழுத்திதழும் சைக்ளோஸ்டைலுமாய் வளர்ந்த நம்மனோர்க்கு அப்படிகளின் அருமை விளங்கும்.

1953 மார்ச்சு 10 அன்று, நுரையீரல் அறுவையின்போது, 36ஆம் அகவையில் மறைந்தார். 1963இல் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் அவரது பாட்டைக் கல்லில் பொறித்தனர்.