தலைமை நீதிபதியையே ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிய கலிஃபோர்னியா: யார் இந்த ரோஸ் பேர்ட்?

1986 நவம்பர் 4. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஆளுநர் தேர்தல். ஓட்டுச்சீட்டில் வேட்பாளர்களின் பெயர்களோடு இன்னொரு கேள்வியும் இருந்தது. ரோஸ் பேர்ட் தலைமை நீதிபதியாகத் தொடரலாமா, வேண்டாமா? சுமார் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த மாநிலத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி அவர். மக்கள் ஓட்டில் பதவி இழந்த முதல் தலைமை நீதிபதியும் அவரே.

நீதிபதிக்கு எதுக்கு ஓட்டு?

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி உச்ச நீதிமன்றம் உண்டு. நம்ம ஊர் ஐகோர்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனா, பல மாநிலங்களில் அதன் நீதிபதிகள் மக்களிடம் ஓட்டு வாங்கினால்தான் பதவியில் நீடிக்க முடியும்.

கலிஃபோர்னியாவில் இந்த முறை 1934-ல் வந்தது. ஆளுநர் நீதிபதியை நியமிப்பார் (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுத்தவர், நம்ம முதல்வர் இடத்தில் இருப்பவர்). மூன்று பேர் கொண்ட ஆணையம் ஒப்புதல் தர வேண்டும். பிறகு, அடுத்த ஆளுநர் தேர்தலோடு சேர்த்து மக்களிடம் கேட்பார்கள். எதிர் வேட்பாளர் கிடையாது. ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். முழுப் பதவிக்காலம் 12 ஆண்டுகள்.

ஓய்வுபெற்ற டொனால்ட் ரைட் விட்டுப்போன மீதிக் காலத்துக்குத்தான் பேர்ட் வந்தார். அதனால் 1978-ல் ஒரு தடவை, 1986-ல் மறுபடியும் ஒரு தடவை ஓட்டைச் சந்திக்க வேண்டியிருந்தது. அதுவரை ஐம்பது வருஷமாக இது வெறும் சடங்குதான். ஒருத்தர்கூட தோற்றதில்லை.

தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள்

பேர்ட் பிறந்தது 1936-ல், அரிசோனா மாநிலத்தின் டூசான் நகர் பக்கத்தில். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா பிள்ளைகளை நியூயார்க் பக்கம் கூட்டிப்போய், தொழிற்சாலையில் வேலை பார்த்து வளர்த்தார். மகள் 1965-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். பிறகு சான்டா கிளாரா மாவட்டத்தில், வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றவாளிக் கூண்டுக்காரர்களுக்காக வாதாடும் அரசு வழக்கறிஞர் ஆனார். அந்த அலுவலகம் எடுத்த முதல் பெண் வழக்கறிஞர் அவர்.

1974 தேர்தலில் ஜெர்ரி பிரவுனுக்காகப் பிரசாரத்தில் உழைத்தார். பிரவுன் ஆளுநரானதும் 1975-ல் பேர்டை வேளாண்மை உள்ளிட்ட துறைகளுக்குச் செயலாளர் ஆக்கினார். அந்த மாநில அமைச்சரவையில் ஒரு பெண் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பண்ணைத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கவும் பேரம் பேசவும் உரிமை தந்த 1975-ம் ஆண்டுச் சட்டத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. பெரும் பண்ணை முதலாளிகள் அதை மறக்கவில்லை.

1977-ல் பிரவுன் அவரை நேராகத் தலைமை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்தார். வயது 40. அதற்கு முன் ஒரு நாள்கூட நீதிபதியாக இருந்ததில்லை. ஆணையத்தில் 2-1 என்றுதான் ஒப்புதல் கிடைத்தது. அவர் மட்டும் ஆணாக இருந்திருந்தால் இவ்வளவு எதிர்ப்பு வந்திருக்குமா என்பது நியாயமான கேள்விதான். அதேசமயம், அனுபவமே இல்லாதவரை உச்சியில் வைத்தது பிரவுன் எடுத்த ரிஸ்க். அதற்கான விலையைக் கொடுத்தது பேர்ட்.

1978: தப்பிப் பிழைத்த தேர்தல்

அந்த வருஷம் ஜூனில், சொத்து வரியைக் கடுமையாகக் குறைக்கும் ‘முன்மொழிவு 13’-ஐ மக்கள் பெருவாரியாக ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. செப்டம்பரில் நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஆனால், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு வேறு வரி கட்டும்படி ஆவது சம உரிமைக்கு எதிரானது என்று பேர்ட் மட்டும் தனியாக மாறுபட்டார். இத்தனைக்கும் அவரது சொந்தத் தேர்தலுக்கு இரண்டே மாதம்தான் பாக்கி!

தேர்தல் நாள் காலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் ஒரு குண்டு போட்டது. துப்பாக்கியோடு குற்றம் செய்தவர்களுக்குக் கட்டாயச் சிறை விதிக்கும் சட்டம் பற்றிய தீர்ப்பை, தேர்தல் முடியட்டும் என்று நீதிமன்றம் தள்ளிவைத்திருக்கிறது என்பது செய்தி. பேர்ட் சுமார் 52 சதவீத ஓட்டோடு தப்பித்தார். அடுத்த வருஷம் நீதிபதிகள்மீது பகிரங்க விசாரணையே நடந்தது. கடைசியில் யார்மீதும் குற்றச்சாட்டு இல்லை என்று முடிந்தது. பெயர் கெட்டது கெட்டதுதான்.

அதே 1978 நவம்பர் ஓட்டுச்சீட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது. மரண தண்டனையை விரிவாக்கும் ‘முன்மொழிவு 7’. அதற்கு 71 சதவீத ஆதரவு. பேர்டின் அடுத்த எட்டு ஆண்டுகளைத் தீர்மானித்தது இதுதான்.

64-க்கு 64

அவர் பதவியில் இருந்தபோது மேல்முறையீட்டுக்கு வந்த மரண தண்டனை வழக்குகள் 64. ஒன்றில்கூட தண்டனையை உறுதிசெய்ய அவர் சம்மதிக்கவில்லை. 61 வழக்குகளில் பெரும்பான்மை நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள்.

தண்டனை ரத்து என்றால் கொலைகாரன் வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் மறு விசாரணை, அல்லது ஆயுள் சிறை. காரணம் என்ன? அவசரமாக எழுதப்பட்ட அந்தச் சட்டத்தில் தெளிவில்லாத இடங்கள் நிறைய. உதாரணமாக, கொள்ளையின்போது ஒருவர் செத்துப்போனால், கொல்லும் நோக்கம் இருந்ததா என்பதை நிரூபிக்க வேண்டுமா? வேண்டும் என்று 1983-ல் நீதிமன்றம் சொன்னது. ஏற்கெனவே முடிந்த பல வழக்குகளில் ஜூரிகளிடம் இதைக் கேட்டே இருக்கவில்லை. விளைவு, தண்டனைகள் வரிசையாக ரத்தாயின.

சட்டப்படி இதற்கு வாதம் உண்டு. ஆனாலும் 64-க்கு 64 என்ற எண்ணைச் சாதாரண வாக்காளரிடம் விளக்கிப் புரியவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சட்டத்தைப் பார்க்கிறாரா, சொந்தக் கொள்கையைப் பார்க்கிறாரா என்ற சந்தேகம் அவரை ஆதரித்தவர்களுக்கே வந்தது.

குளியல் தொட்டியில் முதலை

அதே நீதிமன்றத்தில் இருந்த ஓட்டோ காஸ், 1982-ல் தானும் ஓட்டைச் சந்திக்கவிருந்த நேரத்தில் குற்றத் தடுப்பு தொடர்பான ஒரு பெரிய வழக்கில் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. தேர்தலை நினைக்காமல் தீர்ப்பு எழுதுவது, குளியல் தொட்டியில் முதலை கிடப்பதைக் கவனிக்காமல் இருப்பது போல என்று பின்னாளில் அவர் ஒப்புக்கொண்டார். தன் முடிவில் அந்த முதலைக்குப் பங்கு இருந்ததா என்பது தனக்கே தெரியவில்லை என்பதுதான் அவரை உறுத்தியது.

பேர்டின் தொட்டியிலும் முதலை இருந்தது. அவர் அதைப் பார்க்க மறுத்தார்.

1986-ல் எதிரில் நின்றவர் ஆளுநர் ஜார்ஜ் டியூக்மேஜியன். 1977-ல் மரண தண்டனைச் சட்டத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். பிரவுன் அதை நிராகரிக்க, சட்டமன்றம் அந்த நிராகரிப்பையே தள்ளுபடி செய்தது. கணக்கு பழையது! கொலை செய்யப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் டிவி விளம்பரங்களில் வந்து பேசினார்கள். அந்த வலிக்கு எந்தச் சட்ட வாதமும் பதில் ஆகாது. ஆனால், பிரசாரத்துக்குப் பணம் கொடுத்த தொழில், பண்ணை வட்டாரங்களின் கோபம் தொழிலாளர், வாடகைதாரர், நுகர்வோர் பக்கம் சாய்ந்த தீர்ப்புகள்மீதும் இருந்தது. அது விளம்பரத்தில் வரவில்லை.

பேர்ட் பிரசார நிபுணர்களை அனுப்பிவிட்டுத் தானே களத்தை நடத்தினார். விளம்பரத்தில் அவரே வந்து நீதித்துறையின் சுதந்திரம் பற்றிப் பேசினார். மரண தண்டனை பற்றி வாய் திறக்கவில்லை. நிலுவையில் உள்ள வழக்குகளைப் பற்றி நீதிபதி பேசக்கூடாதுதான். தேர்தலில் அந்த மௌனம் எடுபடவில்லை.

அன்று ஓட்டைச் சந்தித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆறு பேர். மூன்று பேர் தப்பித்தார்கள். பேர்டோடு ஜோசப் க்ரோடினும், அந்த நீதிமன்றத்தின் முதல் லத்தீன் அமெரிக்க நீதிபதியான குரூஸ் ரெய்னோசோவும் பதவி இழந்தார்கள். டியூக்மேஜியன் அதே நாளில் மறுபடி ஆளுநராக ஜெயித்தார். மால்கம் லூகாஸைத் தலைமை நீதிபதி ஆக்கினார், காலியான இடங்களை நிரப்பினார். 1983-ம் ஆண்டுத் தீர்ப்பைப் புதிய நீதிமன்றம் 1987-லேயே மாற்றி எழுதியது. இருந்தும் கலிஃபோர்னியாவில் அடுத்த மரண தண்டனை நிறைவேறியது 1992-ல்தான். 2006 வரை மொத்தம் 13. அதன்பிறகு ஒன்றும் இல்லை.

பேர்ட் பெரிய சட்ட நிறுவனம் எதிலும் சேரவில்லை. கொஞ்ச நாள் பாடம் நடத்தினார், டிவியில் கருத்து சொன்னார், வயதான அம்மாவைக் கவனித்துக்கொண்டார். கிழக்கு பாலோ ஆல்டோவில் ஏழைகளுக்கான சட்ட உதவி மையத்தில் சம்பளம் இல்லாமல் ஆவணங்களை நகல் எடுக்கும் வேலையும் செய்தார். தலைமை நீதிபதி ஆவதற்கு முந்தைய வருஷமே மார்பகப் புற்றுநோய் அவருக்கு வந்திருந்தது. பதவியில் இருந்த காலம் முழுக்க அதோடுதான் போராடினார். 1999 டிசம்பர் 4 அன்று, 63 வயதில், அந்த நோயிலேயே இறந்தார். அவருக்குப் பிறகு அந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் எந்த நீதிபதியையும் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு நீக்கியதில்லை.