பாவிகளுக்கு ஒரு வக்கீல்

காட்டில் ஒரு வேடன் நிற்கிறான். புதருக்குப் பின்னால் ஏதோ அசைகிறது. மானா, மனிதனா என்று தெரியவில்லை. மானாகத்தான் இருக்கும் என்று எண்ணி அவன் சுடலாமா?

ஒரு வேலைக்காரன். அவனுடைய எஜமான் இரவில் கெட்ட காரியத்துக்குப் புறப்படுகிறான். குதிரைக்குச் சேணம் பூட்டும்படி உத்தரவிடுகிறான். மறுத்தால் அடி விழும். வேலையும் போகும். வீட்டில் அடுப்பு எரியாது. அவன் சேணம் பூட்டலாமா?

ஒருவன் திருடினான். பிறகு மனம் திருந்தினான். திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் இன்று அவன் பிள்ளைகள் பட்டினி. என்ன செய்வது?

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை காண்பதில் தம் ஆயுளைச் செலவிட்டவர் ஒருவர் இத்தாலி நாட்டில் இருந்தார். அவர் பெயர் அல்போன்ஸ் லிகோரி. கத்தோலிக்கர்கள் அவரை அர்ச்சியசிஷ்டவர், அதாவது புனிதர், என்று வணங்குகிறார்கள். ஆனால் அவர் முதலில் ஒரு வக்கீல்!

16 வயதில் டாக்டர் பட்டம்

நேபிள்ஸ் நகருக்கு அருகே மரியனெல்லா என்ற ஊரில், 1696-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ந் தேதி அல்போன்ஸ் பிறந்தார். பிரபு குலம். தந்தை அரசாங்கக் கப்பற்படையில் தளபதி. மிகவும் கண்டிப்பானவர். மகன் சங்கீதம், சித்திரம், சட்டம் எல்லாவற்றிலும் தேர்ந்தவனாக வேண்டும் என்பது அவர் ஆசை.

1713-ம் ஆண்டில் அல்போன்ஸ் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 16. இருபது வயது ஆகவேண்டும் என்பது விதி. அவருடைய அறிவைக் கண்டு விதியைத் தளர்த்தினார்கள். பட்டமளிப்பு அங்கி அவரையே மூடிவிட்டது. மேடையில் அங்கி நடந்து வருவதைக் கண்டு கூடியிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

கோர்ட்டுக்குப் போனார். புகழ் வளர்ந்தது. எட்டு ஆண்டுகளில் ஒரு கேஸில்கூட அவர் தோற்றதில்லை என்று சொல்வார்கள். அநியாயமான வழக்கை ஏற்பதில்லை, நியாயமான வழக்கானாலும் அநியாய வழியில் ஜெயிப்பதில்லை என்று தமக்குத் தாமே விதிகள் எழுதி வைத்துக்கொண்டார்.

ஒரு காகிதம்

1723-ம் ஆண்டில் ஒரு பெரிய வழக்கு வந்தது. ஒரு பக்கம் நேபிள்ஸ் பிரபு. மறு பக்கம் டஸ்கனி நாட்டு மன்னர். சொத்தின் மதிப்பு 5 லட்சம் டுகாட். டுகாட் என்பது அந்த நாட்டு நாணயம்.

அல்போன்ஸ் எழுந்து பேசினார். பிரமாதமான பேச்சு. கோர்ட்டே மயங்கியது. அவர் உட்கார்ந்ததும் எதிர்க்கட்சி வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டினார். அதில் ஒரு பகுதியை மட்டும் படித்துப் பார்க்கும்படி சொன்னார்.

அல்போன்ஸ் படித்தார். முகம் வெளுத்தது. பல தடவை பார்த்த பத்திரம்தான் அது. ஆனால் வழக்கின் உயிர்நாடியான ஒரு விஷயத்தை அவர் கவனிக்கத் தவறியிருந்தார். அவ்வளவு பேச்சும் வீண்! தவறு தம்முடையது என்று அங்கேயே ஒப்புக்கொண்டு கோர்ட்டை விட்டு வெளியேறினார். தீர்ப்பில் லஞ்சமும் செல்வாக்கும் விளையாடின என்று சந்தேகிக்கும் சரித்திர ஆசிரியர்களும் உண்டு. எப்படியானாலும் அவர் மறுபடி வழக்காடவில்லை.

வீட்டுக்குப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் அன்னம் தண்ணீர் இல்லை. தாய் அழுதாள்.

ஆகஸ்டு மாதம் வந்தது. தீராத நோயாளிகளுக்கென்று இருந்த ஆஸ்பத்திரியில் அவர் தொண்டு செய்வது வழக்கம். அங்கே ஒரு நாள், உலகத்தை விட்டு வா என்று கடவுளே அழைப்பது போல அவருக்குத் தோன்றியது. நேராகத் தேவமாதா கோவிலுக்குப் போனார். பிரபு குலத்தின் அடையாளமாக இடுப்பில் தொங்கிய வாளைக் கழற்றி மாதாவின் பாதத்தில் வைத்தார்.

தந்தைக்கு இடி விழுந்தது போலிருந்தது. பெரிய இடத்தில் பெண் பார்த்து வைத்திருந்தார் அவர். மகனோ 1726-ம் ஆண்டு டிசம்பர் மாதம் குருப்பட்டம் பெற்றுவிட்டார். பிறகு ஒரு நாள் தற்செயலாக ஒரு கோவிலுக்குள் நுழைந்த தந்தை, மகன் பிரசங்கம் செய்வதைக் கேட்டார். கோபம் கரைந்தது.

ஆடு மேய்ப்பவர்கள்

நேபிள்ஸ் தெருக்களில் திரிந்த ஏழைகளை அல்போன்ஸ் மாலை நேரங்களில் கூட்டிவைத்துப் பேசினார். கூலிக்காரர், சிப்பாய், நாவிதர் எல்லோரும் வந்தார்கள். உழைப்பு அதிகமாகி 1730-ல் உடல் நலம் கெட்டது. மலைக் காற்று வாங்க வைத்தியர்கள் அனுப்பினார்கள். அமால்பி கடற்கரைக்கு மேலே ஸ்காலா என்ற மலையூர்.

ஓய்வுக்குப் போன இடத்தில் ஆடு மேய்ப்பவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நேபிள்ஸ் நகரிலோ குருமார்களுக்குப் பஞ்சமே இல்லை. இவர்களுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை! 1732-ம் ஆண்டு நவம்பர் மாதம் 9-ந் தேதி, இவர்களைப் போன்றவர்களுக்காகவே ஸ்காலாவில் ஒரு துறவற சபையைத் தொடங்கினார் அல்போன்ஸ். சேர்ந்தவர்களில் பலர் சில மாதங்களுக்குள் பிரிந்து போனார்கள். சபை பிழைத்தது. அதுதான் இரட்சகர் சபை. தமிழ்நாட்டுக் கோவில்களில் பலர் வணங்கும் சதா சகாய மாதா படம் இருக்கிறதல்லவா? அதன் மூலப் படத்தை 1866-ல் போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் ஒப்படைத்தது இந்தச் சபையிடம்தான்.

இரண்டு கட்சிகள்

கத்தோலிக்கர்களிடையே பாவசங்கீர்த்தனம் என்ற வழக்கம் உண்டு. செய்த பாவத்தைக் குருவானவரிடம் தனியாகச் சொல்வார்கள். மனம் வருந்தினால் கடவுள் பெயரால் அவர் மன்னிப்பு அளிப்பார். கேட்டதை உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது.

எது பாவம், எது பாவமல்ல என்று குரு முடிவு செய்ய வேண்டும். தெளிவான விஷயத்தில் தொல்லை இல்லை. சந்தேகம் வந்தால்?

அக்காலத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று கண்டிப்புக் கட்சி. சந்தேகம் வந்தால் எப்போதும் சட்டத்தின் பக்கமே போக வேண்டும் என்றது. மன்னிப்புக் கேட்டு வந்தவனைப் பல மாதம் காக்க வைத்தது. இன்னொன்று தளர்ந்த கட்சி. யாராவது ஒரு பண்டிதர் சரி என்று எழுதியிருந்தால் போதும், எதையும் செய்யலாம் என்றது.

அல்போன்ஸ் படித்தது கண்டிப்புக் கட்சியின் புத்தகத்தைத்தான். ஊர் ஊராகப் போன பிறகுதான் அது மனிதர்களை என்ன செய்கிறது என்று கண்டார். மன்னிப்பு மறுக்கப்பட்டவன் திருந்தவில்லை. கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான்! விரட்டியவர் பரிசுத்தராகத் திரும்பினார். விரட்டப்பட்டவன் என்ன ஆனான் என்று யாரும் பார்க்கவில்லை.

1748-ல் நீதிநெறி சாஸ்திரம் என்னும் பெரிய நூலை அல்போன்ஸ் வெளியிட்டார். அவர் உயிரோடிருந்தபோதே அது ஒன்பது பதிப்பு கண்டது. ஒவ்வொரு பதிப்பிலும் திருத்தினார். முன்பு சொன்னது சரியல்ல என்று பட்டால் மாற்றி எழுதினார்.

அவருடைய முறை ஒரு தராசு. சட்டம் ஒரு தட்டில். மனிதனின் சுதந்திரம் மறு தட்டில். சட்டத்தின் பக்கம் நிச்சயமாகக் கனமாக இருந்தால் அதன்படியே நடக்க வேண்டும். இரண்டும் சமமாக நின்றால் அந்தச் சட்டம் உண்டா என்பதே சந்தேகம். சந்தேகமான சட்டத்தைக் காட்டி ஒருவனைக் கட்டக் கூடாது. இதில் வக்கீலின் கை தெரிகிறது. சரிவர அறிவிக்கப்படாத சட்டம் யாரையும் கட்டாது என்பது கோர்ட்டில் பழகியவருக்குத் தெரியாதா?

ஆனால் பிறருக்குத் தீங்கு வரும் என்றால் அந்தச் சலுகை இல்லை. ஆகவே வேடன் சுடக் கூடாது. புதருக்குள் இருப்பது மனிதனாக இருந்தால், மான் என்று நினைத்தேன் என்பதால் செத்தவன் எழுந்து வரமாட்டான். வைத்தியனும் அப்படித்தான். நல்ல மருந்து கையில் இருக்கும்போது, பலிக்குமோ பலிக்காதோ என்ற மருந்தைக் கொடுத்துப் பார்க்கக் கூடாது.

வேலைக்காரன் விஷயம் நுட்பமானது. எஜமானின் கெட்ட எண்ணத்தில் அவனும் பங்கு கொண்டால் அவனும் குற்றவாளி. பங்கு கொள்ளவில்லை, சேணம் பூட்டுவது தன்னளவில் கெட்ட காரியமும் அல்ல, மறுத்தால் பெரிய துன்பம் வரும் என்றால், குற்றம் எஜமானைச் சேரும். ஆனால் வரப்போகும் தீங்கு எவ்வளவு பெரிதோ, அவன் உதவி அதற்கு எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு பலமான காரணம் அவனுக்கு வேண்டும். சும்மா பயந்தேன் என்றால் செல்லாது.

திருடியவன் கடன் ஒருநாளும் அழியாது. குடும்பம் பட்டினி கிடக்கும் நிலையில் தவணை உண்டு. ஆனால் பொருளை இழந்தவனும் அதே பட்டினியில் இருந்தால் முதல் உரிமை அவனுக்குத்தான்.

இன்னொரு வழக்கு இவை எல்லாவற்றையும்விடக் கடினம். கணவன் மனைவி நல்லபடியாக வாழ்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் உறவு முறையில் ஏதோ ஒரு தடை இருந்ததால், திருச்சபைச் சட்டப்படி அந்தக் கல்யாணம் செல்லாது. அவர்களுக்கு அது தெரியாது. குருவுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லலாமா?

சொன்னால் குடும்பம் உடையும். பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். அல்போன்ஸ் சொன்ன வழி இதுதான்: சொல்வதால் நன்மை இல்லை, கேடுதான் விளையும் என்றால் குரு வாயைத் திறக்க வேண்டாம். பெயரைக் குறிப்பிடாமல் மேலிடத்துக்கு எழுதி, தடையை நீக்கிக் கொடுக்க வழி தேடட்டும். குரு ஒரு நீதிபதிதான். ஆனால் அதற்கு முன் அவர் தகப்பன், வைத்தியன்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? 1764-ல் ஒரு துறவி அவரை மறுத்துப் புத்தகம் எழுதினார். 1767-ல் நேபிள்ஸ் அரசாங்கம் சேசு சபையாரை நாடு கடத்தியது. ஒரு சேசு சபைக் குருவின் நூலுக்கு எழுதிய குறிப்புகளாகத்தான் அல்போன்சின் நூல் முதலில் வெளிவந்தது. இவரும் அந்தக் கூட்டம்தான் என்று எதிரிகள் கோள் மூட்டினார்கள். கிழவர் பதிலுக்குப் பதில் எழுதிக்கொண்டே இருந்தார்.

வண்டியை விற்ற மேற்றிராணியார்

இதற்கிடையில் 1762-ல் போப்பாண்டவர் அவரை சாந்த் அகதா என்ற ஊருக்கு மேற்றிராணியாராக நியமித்தார். வேண்டாம் என்று கெஞ்சி எழுதினார். போப்பாண்டவர் விடவில்லை. அங்கே சுமார் 30,000 ஜனங்கள்.

மறு வருஷமே பஞ்சம். நேபிள்ஸ் நாடு முழுவதும் ஜனங்கள் மடிந்தார்கள். அல்போன்ஸ் தம் வண்டியையும் கோவேறு கழுதைகளையும் விற்றுத் தானியம் வாங்கினார். தானியத்தைப் பதுக்கியதாக ஊர்த் தலைவர்மீது கூட்டம் பாய்ந்தது. அல்போன்ஸ் குறுக்கே போய், அவர் உயிருக்குப் பதில் தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். இருந்த உணவைப் பங்கிட்டுக் கொடுத்துக் கூட்டத்தை அனுப்பினார்.

1768-ல் வாத நோய் தாக்கியது. கழுத்து வளைந்துவிட்டது. முகவாய் மார்பில் அழுந்தி அங்கே புண் ஆகிவிட்டது! நிமிர முடியாமல் நாற்காலியில் அமர்ந்துதான் பூசைப் பாத்திரத்தில் பருக முடிந்தது. அப்படியே ஏழு ஆண்டு வேலை பார்த்தார். 1775-ல் போப்பாண்டவர் ஆறாம் பத்திநாதர் ஓய்வு கொடுத்தார். பகானி என்ற ஊரில் இருந்த தம் சபை மடத்துக்குத் திரும்பினார்.

ஒரு கையெழுத்து

கொடிய சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. சபைக்கு நேபிள்ஸ் அரசாங்கத்தின் அனுமதி கிடைக்கவில்லை. அதைப் பெற்றுவர ஆள் அனுப்பினார்கள். போனவர்கள் அரசாங்கத்துக்குப் பிடித்தமாதிரி சபையின் விதிகளையே மாற்றிவிட்டார்கள்.

பத்திரம் அல்போன்சிடம் வந்தது. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மங்கல். காது மந்தம். எழுத்தோ பொடி எழுத்து. முதல் சில வரிகளைப் பார்த்தார். மிச்சத்தைப் பார்க்கும்படி தம் உதவித் தலைவரிடம் கொடுத்தார். உதவித் தலைவருக்கு விஷயம் தெரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. அல்போன்ஸ் கையெழுத்துப் போட்டார்.

1723-ல் ஒரு காகிதத்தைச் சரியாகப் படிக்காமல் வழக்கு போயிற்று. இப்போது இன்னொரு காகிதத்தால் சபையே போயிற்று!

1780-ல் உண்மை வெளிப்பட்டது. போப்பாண்டவருக்குக் கோபம் வந்தது. நேபிள்ஸ் நாட்டிலிருந்த மடங்களை இனிச் சபையாக ஏற்க முடியாது என்று உத்தரவிட்டார். தம் சபையிலிருந்து அல்போன்சே நீக்கப்பட்டார். ஏமாற்றப்பட்டவர் குற்றவாளியல்ல என்று ஆயிரம் பேருக்கு வழி சொன்னவர் அவர். தமக்காக வாதாடவில்லை. உத்தரவுக்குத் தலைவணங்கினார்.

பிறகு மனச்சாட்சியே அவரைப் பிடித்து ஆட்டியது. எதைச் செய்தாலும் பாவமோ என்ற பயம். இருட்டும் கலக்கமுமாக ஒன்றரை ஆண்டு போயிற்று. பிறருக்குக் கொடுத்த மருந்து தமக்கு உதவவில்லை. குருமார் ஆறுதல் சொல்லச் சொல்ல, அவர்கள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அந்த நாட்களைத் தாண்டினார்.

1787-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி காலமானார். 91 வயது நிறைய இரண்டு மாதம் பாக்கி. நீக்கம் நீக்கமாகவே இருந்தது. பிரிந்த சபை 1793-ல்தான் ஒன்றுசேர்ந்தது. 1796-ல் அவருக்கு வணக்கத்துக்குரியவர் என்ற முதல் பட்டம் கிடைத்தது. கொடுத்தவர் அவரை நீக்கிய அதே ஆறாம் பத்திநாதர்!

1839-ல் அர்ச்சியசிஷ்டவர் பட்டம். 1950-ல் பன்னிரண்டாம் பத்திநாதர், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமார்களுக்கும் நீதிநெறி ஆசிரியர்களுக்கும் அவரைப் பாதுகாவலராக அறிவித்தார்.

பிரான்ஸ் நாட்டில் ஆர்ஸ் என்று ஒரு குக்கிராமம். அதன் பங்குக் குரு ஜான் வியான்னி தொடக்கத்தில் கண்டிப்புக் கட்சிக்காரர். நடனம் ஆடியவனுக்குக்கூட மன்னிப்புத் தரத் தயங்கியவர். லிகோரியின் போதனை அங்கே பரவிய பிறகு அவர் போக்கு மாறியது. பிற்காலத்தில் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய ஜனங்கள் தூர ஊர்களிலிருந்து வந்து, நாள் கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.