எமில் துர்கைம்

இளங்கலைப் பட்டத்திற்குச் சமூகவியல் பயிலும் நம் மாணாக்கர் முதற்கண் அறிதற்குரியார், பிரெஞ்சுப் பேராசிரியர் எமில் துர்கைம் ஆவர். 1858-ஆம் ஆண்டு எபினால் என்னும் ஊரில் யூத மதகுரு ஒருவர்க்கு மகனாகத் தோன்றிய இவர், குலத்தொழிலை விடுத்துக் கல்வித்துறை நாடினார். பாரிஸ் மாநகரத்து உயர்தர ஆசிரியக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே 1879-இல் இடம் பெற்றார். ஒருமுறை தவறினமட்டில் மக்களைப் படிப்பினின்று நிறுத்தும் பெற்றோர் இதனைச் சிந்திக்குமாறு வேண்டுகின்றோம்.

1887-இல் போர்தோ நகரப் பல்கலைக்கழகத்திற் கல்விமுறை கற்பிக்க அமர்ந்தவர், சமூக இயலையும் உடன் கற்பித்தார். தற்கொலைக்குச் சமூகப் பிணைப்பின் தளர்ச்சியும் காரணமாதலைப் புள்ளிவிவரங்கொண்டு ஆராய்ந்து 1897-இல் நூல் வெளியிட்டார். முதல் உலகப்போரில் தம் ஒரே மைந்தனைப் பறிகொடுத்த துயர் ஆறாது, 1917-இல் மறைந்தார். அந்நாட்டிற் சமூகவியலுக்கெனத் தனி இளங்கலைப் பட்டம் ஏற்பட்டதோ 1958-ஆம் ஆண்டிலேயாம்.