தெய்வங்களின் கதையைக் கேட்டு எழுதிய சீகன்பால்கு

குழந்தைகளே, பங்குனித் திருவிழாவில் ஒரு நாள் ஸ்ரீரங்கம் நம்பெருமாள் பல்லக்கில் ஏறி ஜீயபுரம் வருவார். அங்கே அவருக்குப் பழைய சோறும் மாவடுவும் படைப்பார்கள். ஏன் தெரியுமா? முன்னொரு காலத்தில் அந்த ஊரில் ஒரு பாட்டி இருந்தாளாம். முடிவெட்டிக் கொள்ளப் போன பேரன் ரங்கன், காவிரி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டான். பாட்டி தவித்துப் போய் அரங்கனை வேண்ட, பெருமாளே பேரன் வடிவில் வந்து பழைய சோற்றைச் சாப்பிட்டாராம். அந்த நேரம் பார்த்து நிஜப் பேரனும் ஈரத் துணியோடு வந்து நின்றானாம்!

இப்படிக் கதை இல்லாத ஊர் நம் தமிழ்நாட்டில் ஏது? ஊர் எல்லையில் அய்யனார் ஏன் குதிரையோடு இருக்கிறார், மாரியம்மனுக்குக் கூழ் ஏன் ஊற்றுகிறார்கள் என்று கேட்டால் பெரியவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆனால், யாரும் உட்கார்ந்து எழுதி வைப்பதில்லை. 300 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதினார். அவர் நம் ஊர்க்காரரும் அல்ல, நம் தெய்வங்களைக் கும்பிட்டவரும் அல்ல. அவர்தான் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

ஜெர்மனியில் சாக்சனி பகுதியைச் சேர்ந்த புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682இல் பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடம்பும் அடிக்கடி படுத்தியது. ஹாலே நகரில் சமயக் கல்வி படித்த அவரையும், புளூட்சோ என்ற நண்பரையும் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார். நம் காவிரி கடலில் கலக்கும் பூம்புகாருக்குத் தெற்கே உள்ள தரங்கம்பாடி, அப்போது டென்மார்க்காரர்கள் வசம் இருந்தது. 1706 ஜூலை 9ஆம் தேதி இருவரும் அங்கே வந்து சேர்ந்தனர். வந்த நோக்கம், இங்குள்ளவர்களைக் கிறிஸ்தவ சமயத்தில் சேர்ப்பது.

ஆனால், பேச மொழி வேண்டுமே! ஒரு வயதான வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னார் சீகன்பால்கு. அங்கே வந்த சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். 24 வயது வெள்ளைக்காரர் ஆறு வயதுப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவதை நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட மாணவர் கிடைத்தால் எந்த ஆசிரியருக்குத்தான் மகிழ்ச்சியாக இராது! சில மாதங்களில் பேசவும், பிறகு ஓலைச்சுவடி படிக்கவும் கற்றுக்கொண்டார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டிப் பட்டியல் போட்டார். நீங்கள் மனப்பாடம் செய்கிறீர்களே கொன்றைவேந்தன், உலகநீதி, அவற்றை 1708இலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

வந்த புதிதில் அவர் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஓர் அம்மன் கோயிலைச் சுற்றியிருந்த உருவங்களைப் பார்த்தவர், ஆவேசத்தில் சிலவற்றைக் கீழே தள்ளினார். சிலவற்றின் தலையை உடைத்தார். அந்த உருவங்களுக்குச் சக்தி இல்லை என்று காட்டுவதாக அவருக்கு எண்ணம். பிறர் வழிபடும் இடத்தில் கை வைத்தது தவறுதான். ஆனால், படித்த ஊர்க்காரர் ஒருவர் அவரோடு சண்டைக்கு நிற்கவில்லை. இவை கடவுள் அல்ல, கடவுளின் காவல் வீரர்கள். கடவுள் ஒருவரே என்று பொறுமையாக விளக்கினார். தான் உடைத்தது என்ன என்பதே சீகன்பால்குவுக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை!

பிறகு அவர் நிறையக் கேட்கத் தொடங்கினார். தெய்வங்கள், விரதங்கள், திருமணம், மருத்துவம் என்று கேள்விகள் எழுதித் தமிழர்களுக்கு அனுப்பினார். 1712 முதல் 1714 வரை அப்படி வந்த பதில் கடிதங்கள் 99. சிலர் வெள்ளைக்காரர்களின் குடியையும் சுத்தக் குறைவையும் கண்டித்தே எழுதினார்கள். அவரும் நண்பர் குருண்ட்லரும் அவற்றையும் மறைக்காமல் மொழிபெயர்த்து ஹாலேவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதே போன்ற ஒரு வேலை, உலகத்தின் மறுபுறம் மெக்சிகோவில் அதற்கு முன்பே நடந்திருக்கிறது. அங்கே ஆஸ்டெக் மக்களின் தலைநகரம் 1521இல் ஸ்பெயின்காரர்களிடம் வீழ்ந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து அங்கே போன சகாகுன் என்ற பாதிரியார், அந்த மக்களின் நாவாட்ல் மொழியைக் கற்றார். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு, படித்த உள்ளூர் இளைஞர்களின் துணையோடு 12 புத்தகங்கள் உருவாக்கினார். மழைக் கடவுள் திலாலோக் முதல் சந்தை வியாபாரிகள் வரை எல்லாம் அதில் உண்டு. (நம் மாரியம்மனும் மழைத் தெய்வம்தான். மாரி என்றாலே மழை!) 1577இல் ஸ்பெயின் அரசர், அந்த எழுத்துகளைப் பறித்து அனுப்ப உத்தரவிட்டார்.

சீகன்பால்குவுக்கும் அதே கதிதான் காத்திருந்தது. 1711இல் தமிழர்களின் சமயம், பழக்கவழக்கங்கள் பற்றி ஒரு நூலும், 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறாக ஒரு நூலும் எழுதி முடித்தார். இரண்டாவது நூலில் சிவன், திருமால் மட்டும் அல்ல. அய்யனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி என்று நம் கிராமத்துத் தெய்வங்கள் எல்லாரும் இருக்கிறார்கள். உருவம் எப்படி, வேறு பெயர்கள் என்ன, படையல் என்ன, திருவிழா எப்போது என்று ஒவ்வொருவருக்கும் எழுதினார். அந்தக் காலத்துப் பண்டிதர்கள் பலர் கவனிக்காமல் விட்ட தெய்வங்கள் இவர்கள்.

இத்தனை பாடுபட்டதை ஹாலேவுக்கு அனுப்பினால், அவருடைய குரு பிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். அந்த வழிபாட்டை ஒழிக்க அனுப்பப்பட்டவர், அதையே ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கோபம். சீகன்பால்குவுக்கோ, இங்குள்ள மக்கள் அறிவில்லாதவர்கள் என்று தன் நாட்டார் நினைப்பது தவறு என்று காட்ட வேண்டியிருந்தது. தன் சமயமே உண்மை என்ற எண்ணத்தை அவர் கடைசி வரை மாற்றிக் கொள்ளவில்லை. ஆனாலும், கேட்டதைக் கேட்டபடி எழுதினார்.

மற்றவை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கோட்டை அதிகாரியோடு மோதி நான்கு மாதம் சிறையில் இருந்தார். பெண் குழந்தைகளுக்கும் பள்ளி தொடங்கினார். தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நிறுவி, 1714-15இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1719 பிப்ரவரி 23ஆம் தேதி, 36 வயதில் இறந்தார். தரங்கம்பாடியில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தெய்வங்கள் பற்றிய அவர் நூல், எழுதி 154 ஆண்டுகளுக்குப் பின், 1867இல் சென்னையில் அச்சானது. முதல் நூல் 1926இல்தான் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. 300 ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்த் தெய்வங்களை மக்கள் எப்படிக் கும்பிட்டார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள், இன்று அந்தப் புத்தகங்களைத்தான் புரட்டுகிறார்கள்.