பனியனில் மறைந்திருந்த பயில்வான்

நான் இந் நகருக்குப் படிக்க வந்த முதல் வாரத்தில் நடந்தது இது. விடுதிக்கு அருகிலுள்ள கடைத்தெருவில் பனியன் வாங்கப் போனேன். எனக்கு வங்க மொழி தெரியாது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. கையில்லாத பனியன் வேண்டும் என்பதைத் தோளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்து, சாண்டோ கெஞ்சிதானே என்று கேட்டார். எனக்கு வியப்புத் தாங்கவில்லை. எங்கள் கோவைப் பக்கத்தில் சாண்டோ என்றால் படமெடுத்த சின்னப்பா தேவர்தாம் நினைவுக்கு வருவார். கொல்கத்தாக் கடைக்காரருக்கு அவரை எப்படித் தெரியும்? யானையை வைத்து இந்திப் படம் எடுத்தவராயிற்றே, அதனால் இருக்கலாம் என்று நானே விடை கண்டு, பெருமையோடு இரண்டு பனியன்கள் வாங்கி வந்தேன்.

அப் பெருமை அன்று மாலையே போயிற்று. கையில்லாத பனியனுக்கு இங்கே பெயரே அதுதான் என்றார் அறைத் தோழர். யார் அந்தச் சாண்டோ என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஆனால், பனியனுக்குள் நுழைந்து நின்ற என் மெலிந்த உடலைப் பார்த்து, தயிர்ச்சோறு தின்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு கேலியை மட்டும் தவறாமல் சொன்னார். அப்போது என் எடை நாற்பத்தொன்பது கிலோ. கேலி உள்ளே தைத்தது. அந்த எரிச்சலோடுதான் நூலகத்திற்குச் சென்று சாண்டோவைத் தேடத் தொடங்கினேன். தேடியதில் கண்டதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

யூஜின் சாண்டோ என்பது அவருடைய இயற்பெயர் அன்று. பெற்றோர் இட்ட பெயர் பிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர். 1867 ஏப்ரல் 2 அன்று பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். கணிதம் பயிலும் நண்பர்கள் அவ்வூரை அறிவார்கள். ஏழு பாலங்களையும் ஒரே நடையில் கடக்க முடியுமா என்ற புதிரை ஆய்லருக்குத் தந்த ஊர் அதுவே. இன்று அது ரஷ்யாவைச் சேர்ந்த கலினின்கிராடு. கட்டாய இராணுவச் சேவைக்கு அஞ்சி ஊரைவிட்டு வெளியேறிய இளைஞர், சர்க்கஸ் கூட்டத்தோடு அலைந்து, பிரஸ்ஸல்ஸ் நகரில் அட்டிலா என்ற ஆசானை அடைந்தார். எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பயிலும் முறையை அங்கே கற்றார். சாண்டோ என்ற பெயரும் இவ்வலைச்சலில் சூடிக்கொண்டதுதான்.

1889 நவம்பரில் இலண்டன் அவரை அறிந்தது. சாம்சன் என்ற பயில்வான், தன்னை வெல்வார் உண்டா என்று மேடையில் அறைகூவி வந்தார். சாண்டோ ஏறி வென்றார். ஒரே இரவில் புகழ் வந்தது.

1893 இல் அவர் அமெரிக்கா சென்றார். சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்த ஆண்டு அது. விவேகானந்தர் சர்வ சமயப் பேரவையில் பேசியதும் அதே ஆண்டில், அதே நகரில்தான். அங்கே புளோரன்ஸ் சீக்பெல்ட் என்ற இளைஞர் சாண்டோவைத் தம் அரங்கிற்கு அமர்த்தினார். மக்கள் பார்ப்பது தூக்கப்படும் குண்டை அன்று, தூக்கும் உடலையே என்பதை முதலில் கண்டுகொண்டவர் சீக்பெல்ட். அதன்பின் சாண்டோ, உடலெங்கும் வெண்பொடி பூசிப் பளிங்குச் சிலைபோல் அசையாது நின்று காட்டினார். பிற்காலத்தில் இந்தச் சீக்பெல்ட் அமெரிக்க மேடையின் மாமன்னர் ஆனார். அவர் வாழ்க்கையைக் கூறும் திரைப்படம் 1936 இல் வந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசையும் பெற்றது. அதில் சாண்டோவாக நடித்த நாட் பெண்டில்டன் யார் தெரியுமா? 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்ற வீரர்!

சாண்டோவுக்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவு இன்னும் பழைமையானது. 1894 மார்ச்சில் அவர் நியூஜெர்சியில் உள்ள எடிசனின் படப்பிடிப்புக் கூடத்திற்குச் சென்றார். தார் பூசிய காகிதம் போர்த்திய கறுப்புக் கொட்டகை அது. கூரை திறக்கும், வெயிலைத் தொடர்ந்து கொட்டகை முழுவதும் சுழலும். மின்விளக்கைப் பரப்பியவரே படம் பிடிக்கக் கதிரவனை நம்பியிருந்த காலம்! அங்கே டிக்சன் என்ற உதவியாளர் சாண்டோவைப் படமெடுத்தார். ஒரு நிமிடம்கூட ஓடாத படம். கதை இல்லை, பேச்சு இல்லை. ஒரு மனிதர் நிற்கிறார், திரும்புகிறார், தசைகளை இறுக்குகிறார், அவ்வளவே. பேசிய கூலியை வேண்டாமென்று, எடிசனின் கையைக் குலுக்கினால் போதும் என்றாராம். அடுத்த மாதம் நியூயார்க்கில் துளை வழியே ஒருவர் ஒருவராய்ப் பார்க்கும் படக்கருவி நிலையம் திறந்தபோது, முதல்நாள் காட்டிய பத்துப் படங்களுள் இதுவும் ஒன்று. திரையில் முதன்முதல் தோன்றிய புகழ்பெற்ற மனிதர்களுள் ஒருவர் பயில்வான் என்றால், இன்றைய சண்டைப்பட நாயகர்களின் பாட்டனார் இவரே எனலாம்.

அவரை முனிவராக்கவும் வேண்டியதில்லை. அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு பொருதுவதாக விளம்பரம் செய்தார். வாய்க்கும் பாதங்களுக்கும் உறையிட்ட சிங்கம் சண்டைக்கே வரவில்லை. கூட்டம் ஏமாந்தது. வித்தைக்காரருக்குரிய குறைகள் அவரிடம் இருக்கத்தான் செய்தன.

ஆனால் அவர் செய்த பெருஞ்செயல் வேறு. 1897 இல் இலண்டனில் தேகப்பயிற்சி நிலையம் நிறுவினார். மறு ஆண்டு இதழ் ஒன்றும் தொடங்கினார். அஞ்சல் வழியே பயிற்சி தந்தார். எழுத்தரும் கடைச் சிப்பந்தியும் கழுத்து, மார்பு, புயம், இடை இவற்றின் அளவுகளைக் குறித்து, மாதங்கள் கழித்து மீண்டும் அளந்து ஒப்பிட்டனர். அறிவியல் மாணவனாகிய எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. வலிமை பிறவிச் செல்வம் என்ற எண்ணத்தை, நாடாவும் பட்டியலும் கொண்டு உடைத்தார் அவர். பிறரோடு அன்று, நேற்றைய நம்மோடு நம்மை ஒப்பிடும் முறை அது.

1901 செப்டம்பர் 14 அன்று இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய உடலழகுப் போட்டி, இன்றைய ஆணழகன் போட்டிகளுக்கெல்லாம் தாய். அறுபது பேர் இறுதிக்கு வந்தனர். பெருத்த தசைக்குப் பரிசில்லை. சீரான வளர்ச்சிக்கும், தோலின் நலத்துக்கும், உடல்நலத்துக்குமே மதிப்பெண். நடுவர்கள் மூவர்: சாண்டோ, சிற்பி லாஸ், மூன்றாமவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில்! டாயிலும் விளையாட்டுக்குப் புதியவர் அல்லர். முதல்தர கிரிக்கெட்டில் அவர் வீழ்த்தியது ஒரே ஒரு விக்கெட். அது 1900 இல் பெரும்புகழ் பெற்ற டபிள்யூ. ஜி. கிரேஸின் விக்கெட். ஆல்பர்ட் மண்டபத்தில் வென்றவருக்குத் தந்தது சாண்டோ உருவச் சிலை. அதே வடிவச் சிலையை 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் வழங்குகிறார்கள். 1980 இல் அதைப் பெற்ற ஆர்னால்டு சுவார்சநெகர் பின்னர்த் திரையுலகை ஆண்டது யாவரும் அறிந்ததே.

அதே 1901 இல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சாண்டோவின் உடலைச் சுண்ணச்சாந்தில் வார்த்தது. ஐரோப்பிய இனத்தின் நிறைவான மாதிரி என்று காட்டுவதே நோக்கம். உடலின் வலிமையை இனத்தின் உடைமையாகக் கருதிய காலம் அது. இங்கோ, வங்காளியர் உடல் வலியற்றவர், போருக்குத் தகாதவர் என்று ஆட்சியாளர் முத்திரை குத்தி வைத்திருந்தனர். என் தயிர்ச்சோற்றைப் பழித்த நண்பரின் முன்னோர் கேட்ட கேலி அது!

இந்நிலையில்தான் 1904, 1905 ஆம் ஆண்டுகளில் சாண்டோ இந்தியா வந்து, கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களில் காட்சி நடத்தினார். நிலம் அதற்கு முன்பே உழப்பட்டிருந்தது. 1902 இலேயே கல்கத்தாவில் அனுசீலன் சமிதி தேகப்பயிற்சிச் சங்கமாகத் தொடங்கிவிட்டது. 1905 இல் வங்கப் பிரிவினை வந்தது. சுதேசி உணர்ச்சி மூண்டது. பயிற்சிக் கூடங்கள் பெருகின. இனத்தின் பெருமையென அருங்காட்சியகம் காட்டிய உடல், எவரும் முயன்று பெறக்கூடியதே என்று சாண்டோவின் பட்டியலே சொல்லிற்று. இந் நகரின் மனோதோஷ் ராய் 1951 இலும், மனோகர் ஐச் 1952 இலும் இலண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றனர். மனோதோஷின் மகன், சத்யஜித் ராயின் ஜொய் பாபா பெலுநாத் படத்தில் பயில்வானாகவே வந்து தசைகளைக் காட்டிச் சிரிக்கவைக்கிறார்.

பெயரும் தெற்கு நோக்கி நடந்தது. புதுக்கோட்டை நாகலிங்கம் என்ற பயில்வான் பம்பாய் சென்று ஊமைப் படங்களில் நாயகரானார். ராஜா சாண்டோ ஆனார். அவரே 1935 இல் டி. கே. எஸ். சகோதரர்களின் மேனகாவைத் தமிழில் இயக்கினார். தமிழில் சமூகக் கதையைப் படமாக்கிய தொடக்க முயற்சிகளுள் ஒன்று அது. தமிழக அரசு அவர் பெயரால் திரைப்பட விருது ஒன்றை நிறுவியது. அவருக்குப் பின் எங்கள் கோவையின் சின்னப்பா தேவர் அப் பெயரைத் தாங்கினார். 1956 இல் தாய்க்குப்பின் தாரம் எடுத்தார். 1971 இல் ஹாத்தி மேரே சாத்தி எடுத்து வடநாட்டையும் வென்றார். முல்லர் புனைந்துகொண்ட பெயரை நம்மவர் இருவர் பட்டமாக அணிந்தனர். ஆக, கடைக்காரர் சொன்ன சாண்டோ வேறு, நான் எண்ணிய சாண்டோ வேறு என்றாலும், இருவரும் ஒரே ஊற்றில் நீர் குடித்தவர்களே.

சாண்டோவின் கடைசிக் காலம் இரக்கத்துக்குரியது. 1911 இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தேகப்பயிற்சிப் பேராசிரியராக உயர்ந்தவர், உலகப்போர் மூண்டதும் ஜெர்மானியப் பிறப்பின் காரணமாக ஐயப் பார்வைக்கு ஆளானார். அவருடைய கொக்கோ வாணிகம் 1916 இல் முறிந்தது. 1925 அக்டோபர் 14 அன்று, 58 ஆம் வயதில் காலமானார். காரைத் தனியே தூக்கியதால் இறந்தார் என்று கதை உண்டு. இதயத்தினின்று புறப்படும் பெருந்தமனியின் வீக்கமே காரணம் என்று பதிவாகியுள்ளது. மனைவியின் விருப்பப்படி, இலண்டன் பட்னி வேல் இடுகாட்டில் பெயர்க்கல் இன்றியே புதைத்தனர். 77 ஆண்டுகள் கழித்து, 2002 இல்தான் அன்பர் ஒருவர் கல் நாட்டினார். 2008 இல் அவருடைய வழித்தோன்றல் ஒருவர் அதை மாற்றி, ஒன்றரை டன் பாறை ஒன்றை நிறுத்தினார். அதில் பொறித்தது ஒரே சொல்: சாண்டோ.

அந்த 77 ஆண்டுகளும் கல்லறையில் இல்லாத பெயர் வங்காளத்தின் துணிக்கொடிகளில் காய்ந்துகொண்டிருந்தது. நம் ஊர்ப் படச்சுருளில் ஓடிக்கொண்டிருந்தது. உடலையே மூலதனமாகக் கொண்டு வாழ்ந்தவருக்கு உடல் துணைநிற்கவில்லை. பிறர்க்குக் கற்றுக் கொடுத்ததே நின்றது.

இறுதியாக என்னைப் பற்றியும் ஒரு சொல். இரண்டாம் பருவத்திலிருந்து விடுதிக்குப் பின்புறமுள்ள பயிற்சிக் கூடத்திற்குப் போய் வருகிறேன். கேலி செய்த தோழரும் உடன் வருகிறார். அளவு நாடாவைப் பிடிப்பவர் அவரே. ஆய்வுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எங்கள் இருவர் அளவுகளும் உள்ளன. பத்தாக இருந்த என் புயத்தின் சுற்றளவு இப்போது பதினோரு அங்குலம். பீமனாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். தயிர்ச்சோற்றையும் விடவில்லை. நம் சங்கத்து அன்பர்கள் மாலையில் வந்தால், ஒரு நாடாவும் ஒரு பக்கமும் அவர்களுக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சாண்டோ பனியன் மட்டும் அவரவர் வாங்கி வரவேண்டும்.